முதல் இடத்து வால்வு

ணங்.

விளக்கு வைத்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். வீட்டில் ரெக்சிலினும் அவளுடைய ஐந்து மாதக் குழந்தையும்தான். தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. மூலையில் இருந்த கித்தார் ஆம்ப், ஒலியைப் பெருக்கும் அந்தப் பெட்டி, அதற்குப் பதில் சொன்னது.

ணங்ங்ங்.

குழந்தை மிரண்டு வீறிட்டது. பெட்டி ஊளையிட்டது.

ரெக்சிலின் பாய்ந்துபோய் சுவிட்சை அணைத்தாள். குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் பதினோரு ராத்திரி அவள் அந்தப் பெட்டியைப் போடவில்லை, சரியாகக் கண் மூடவும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை, குழந்தையோடு ஆம்பையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இசக்கியின் கடைக்குப் போனாள்.

இசக்கி, கோயில் கொடைவிழாவுக்கும் சர்ச் திருவிழாவுக்கும் போகிற மைக் செட்டுகளைப் பழுது பார்ப்பவள். கான்வென்டில் ரெக்சிலினுக்கு இரண்டு வகுப்பு கீழே. அப்போதும் பேச்சு குறைவு. கித்தார் வாசிக்கிறவர்கள் நாகர்கோவிலிலிருந்துகூட அவளைத் தேடித் தூத்துக்குடிக்கு வருவார்கள்.

"இது அழுது, இசக்கி."

"அழட்டும்க்கா. நீங்க உட்காருங்க."

இசக்கி பின்பலகையைக் கழற்றினாள். உள்ளே, பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வுகள் வரிசையாக நின்றன. சின்னது மூன்று, பெரியது இரண்டு.

"கித்தார் யாருது?"

"எங்க வீட்டுக்காரங்களுது. கப்பல்ல இருக்காங்க. வர இன்னும் நாலு மாசம் ஆகும்."

"அப்ப வாசிக்கிறது?"

"யாரும் இல்ல."

இசக்கி நிமிர்ந்து பார்த்தாள்.

"சாயங்காலம் போட்டு விடுவேன். விடிஞ்சாதான் நிறுத்துவேன். ம்ம்ம்னு ஒரு இரைச்சல் இருக்கும்லா. உள்ள செக்கச்செவேல்னு வெளிச்சம். வீட்ல ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்."

"எத்தன நாளா?"

"பாப்பாவுக்கு ஞானஸ்நானம் முடிஞ்சு அவங்க கப்பல் ஏறின அன்னையில இருந்து."

இசக்கி சிரிக்கவில்லை. ஆம்பைப் போட்டு, சூடு ஏறட்டும் என்று விட்டாள். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கடைசி வால்விலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தாள்.

ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை.

முதல் இடத்து வால்வைத் தொட்டாள்.

ணங்.

ரெக்சிலினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மடியில் இருந்த குழந்தையும் விழித்துக்கொண்டது.

வெளியே ஒரு தண்ணீர் லாரி குலுங்கிக்கொண்டு போனது. யாரும் தொடவில்லை. ஆம்ப் மறுபடியும் சொன்னது: ணங்.

"செத்துப்போச்சா?"

"இல்லக்கா. காது கூடிப்போச்சு."

"என்னது?"

"ஓய்வே இல்லாம சூட்டுல நின்னு, உள்ள ஒரு கம்பி லேசாத் தளர்ந்திருக்கு. இப்ப அதுக்குப் பாட்டு மட்டும் கேக்கல. லாரி கேக்குது. காத்துல கேட் ஆடினா கேக்குது. பிள்ள சிணுங்கினா கேக்குது. எல்லாத்துக்கும் கத்துது."

ரெக்சிலின் குனிந்து குழந்தையின் சட்டையைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டிரு."

"எதுக்கு?"

ஆம்பை அணைத்து ஆறவிட்டாள் இசக்கி. துணியைச் சுற்றி அந்த வால்வை உருவினாள். மூன்றாவது இடத்தில் இருந்ததை முதல் இடத்துக்குக் கொண்டுவந்து, இதை அங்கே வைத்தாள். மறுபடி போட்டு, அதே பென்சிலால் தட்டினாள்.

சத்தம் இல்லை.

ஓங்கித் தட்டினாள். ண் என்று எங்கோ முனகியது. அவ்வளவுதான்.

"என்ன செஞ்ச?"

"இடம் மாத்தினேன். பேசுற பிள்ளைய சிஸ்டர் பெஞ்சு மாத்தி உட்கார வைப்பாங்கள்லா, அதான்."

"இனிமே அதுக்குக் கேக்காதா?"

"கேக்கும். முதல் இடத்துல நின்னுட்டு ஒண்ணு கேட்டா, பின்னால உள்ளது எல்லாம் சேர்ந்து அத ஆயிரம் மடங்காக்கிரும். மூணாவது இடத்துல அந்தப் பாடு இல்ல. கேட்டுட்டு சும்மா இருக்கலாம்."

ரெக்சிலின் கொஞ்ச நேரம் அந்த வால்வையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இசக்கி, நான் ராத்திரி முன்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுறதில்ல."

"ஏன்க்கா?"

"உள்ள போட்டுட்டு எனக்கு ஏதாவது ஆயிட்டா? பிள்ளைகிட்ட யாரு வருவா? கதவ உடைச்சு வாரதுக்குள்ள... போடலைன்னா எவனாவது வந்துருவானோன்னு பயம். கதவையே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்."

இசக்கி பின்பலகையை வைத்துத் திருகாணிகளை முடுக்கினாள்.

"வீட்ல எத்தன கதவு?"

"ரெண்டு. பின்கதவு சாவி போட்டுத் திறக்கிறது."

"சாவி எத்தன?"

"ரெண்டு. ரெண்டும் என் தலையணைக்குக் கீழ."

"உங்க வீட்ல முதல் இடத்துல யாருக்கா?"

"நான்தான்."

"ரெண்டாவது?"

"நான்தான்."

"மூணாவது?"

இசக்கி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

"ராத்திரி இத அணைச்சிருங்க. அதுவும் உறங்கட்டும்."

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. இடுப்பில் குழந்தையோடு பெட்டியை இறக்க முடியாமல் ரெக்சிலின் தடுமாறினாள். பக்கத்து வீட்டுச் செல்லக்கனி வந்தாள். ஒரே சுவர்தான் இரண்டு வீட்டுக்கும். "என்ன எழவு இரைச்சல் இது!" என்று முதல் மாதம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கத்தியதிலிருந்து ரெக்சிலின் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

"என்ன தாயி, பேய்ப்பெட்டி திரும்பி வந்துட்டா?"

செல்லக்கனி ஒற்றை ஆளாகப் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, முந்தானையால் முகம் துடைத்தாள்.

"இனிமே ராத்திரி போட மாட்டேன்க்கா. உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

"தொந்தரவா? நல்லா சொன்ன போ. அது நின்னதுல இருந்து எனக்கு உறக்கம் போச்சு. அது இரைஞ்சா, தாயும் பிள்ளையும் நல்லா இருக்குன்னு புரண்டு படுப்பேன். இப்ப சுவத்துல காத வச்சுக் கேட்டுக்கிட்டுக் கிடக்கேன். பிள்ள இருமுதா, நீ நடக்கியான்னு."

ரெக்சிலின் உள்ளே போய்த் தலையணையைத் தூக்கினாள். திரும்பி வந்து செல்லக்கனியின் கையில் ஒரு சாவியை வைத்தாள்.

"என்ன இது?"

"பின்கதவு சாவிக்கா."

செல்லக்கனி அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். "பிள்ள விடாம அழுதா வந்து நிப்பேன், பாத்துக்க. காப்பி போட்டுத் தரணும்."

அன்று விளக்கு வைத்த பிறகு, காற்றில் ஏதோ ஒரு கேட் ஆடியது. குழந்தை சிணுங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

ஆம்ப் மூலையில் இருட்டாக இருந்தது.

ரெக்சிலின் எழுந்து முன்வாசலுக்குப் போனாள். கடல்காற்றில் தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, இரண்டு முறை ஆட்டி, உள்ளேயிருந்து போட்டாள்.