தாசையன் எழுதிய மகன்

மார்த்தாண்டம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஷீபா வகுப்பு நடத்தினாள். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் எப்படி எழுதினால், எப்படிப் படம் போட்டால் கடைக்கு ஆள் வரும் என்று சிறு வியாபாரிகளுக்குச் சொல்லித்தரும் வகுப்பு. தேன் விற்பவர்கள், நாற்றுப் பண்ணைக்காரர்கள், தையல்கடைப் பெண்கள் என்று பலரும் வந்தார்கள். அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் எல்லோரும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

கேள்வி கேட்டால் அவள் உடனே பதில் சொல்லமாட்டாள். எதையாவது செய்துகாட்டுவாள்.

சிப்ஸ் கடை தாசையன் அவளிடம் வந்தபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. மனைவி லீலா பாய் அடுப்படியில் நிற்பாள், அவர் கல்லாவில் இருப்பார். கடைத்தெருவில் மேலும் மூன்று சிப்ஸ் கடைகள் வந்தபிறகு வியாபாரம் படுத்துவிட்டது. தன் நேந்திரங்காய் சிப்ஸின் ருசி வேறு யாருக்கும் வராது என்றும், அதை ஊருக்கு எப்படிச் சொல்வது என்றும் கேட்டார்.

ஷீபா ஆள் அனுப்பி நான்கு கடைகளிலும் சிப்ஸ் வாங்கிவரச் செய்தாள். தாசையனைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தாள். அவர் நிதானமாக மென்று, மூன்றாவது தன்னுடையது என்றார். அது எதிர்க்கடைச் சரக்கு.

"சிப்ஸ்ல ஒண்ணுமில்லே அண்ணாச்சி" என்றாள் ஷீபா. "கடைக்குள்ள இருக்கிற நீங்கதான் வேற."

தாசையன் அதைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் எண்ணெயைப் பற்றி எழுதினார். வாழைக்குலை எங்கிருந்து வருகிறது என்று எழுதினார். சொந்தக்காரர்கள் மட்டும் விருப்பக்குறி போட்டார்கள். அவர் மறுபடி வந்து கேட்டபோது ஷீபா அவர் எழுதியதை உரக்கப் படித்துக்காட்டி, இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

அடுத்த வாரம் மகனைப் பற்றி எழுதினார்.

ஜெனிஷ் அவர்களுடைய ஒரே பிள்ளை. பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தபோது, பைக்கில் வீடு திரும்பும் வழியில் லாரி மோதி இறந்துபோனான். தாசையன் அதை அலங்காரம் இல்லாமல் எழுதியிருந்தார். அப்பா பொரித்த சிப்ஸ் இல்லாமல் பிள்ளைக்குச் சோறு இறங்காது என்றும், விபத்து நடந்த இடத்தில் கிடந்த அவனுடைய பையில் பாதி தின்ற சிப்ஸ் பாக்கெட் ஒன்று இருந்தது என்றும் முடித்திருந்தார்.

அதைப் படித்து ஷீபா அழுதாள். வகுப்பில் எல்லோருக்கும் அதைப் படித்துக்காட்டி, எழுதினால் இப்படி எழுதவேண்டும் என்றாள். தன் பக்கத்திலும் பகிர்ந்தாள்.

அது சென்னைக்குப் போனது. வளைகுடாவுக்குப் போனது. கடைக்கு முன்னால் கார்கள் நின்றன. தாசையன் வலைப்பூ தொடங்கி, ஜெனிஷ் குழந்தையாக இருந்ததை எழுதினார், அவனுடைய முதல் சைக்கிளை எழுதினார், காய்ச்சலில் அவன் சிப்ஸ் கேட்டு அழுததை எழுதினார். நினைவு நாளன்று அவன் படம் போட்ட பாக்கெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். எழுதாத வாரம் வியாபாரம் சற்றுக் குறையும். எழுதினால் ஏறும்.

லீலா பாய் கைபேசி பார்ப்பவள் அல்ல. அவர் மகனைப் பற்றி ஏதோ எழுதுகிறார் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். எழுதினால் மனம் ஆறும் என்று நினைத்து அவள் ஒன்றும் கேட்கவில்லை. பாக்கெட்டில் படம் வந்ததும் வேண்டாம் என்றாள். பிள்ளையின் முகம் நாலு பேர் வீட்டில் இருக்கட்டுமே என்று அவர் சமாதானம் சொன்னார். தின்று முடித்தபிறகு அந்தக் கவர் எங்கே போகும் என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒருநாள் மதுரையிலிருந்து வந்த ஒரு பெண் லீலா பாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெனிஷ் தம்பியின் பையில் இருந்த அதே சிப்ஸ் வேண்டும் என்றாள். லீலா பாய்க்கு விளங்கவில்லை. அந்தப் பெண் தன் கைபேசியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்துக்காட்டினாள். லீலா பாய் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு அந்தப் பெண் கேட்டதைக் கட்டிக்கொடுத்தாள்.

கடையில் ஆள் ஒழிந்ததும் அவள் தாசையனிடம் வந்தாள்.

"எனக்க பிள்ளை எண்ணெய் வாடைக்கே ஓடுவான். ஒரு துண்டு சிப்ஸ் வாயில வைக்கமாட்டான். நீங்க எழுதினது யாருக்க பிள்ளை?"

அவள் அடுப்பை அணைத்தாள். மறுநாள் காலையில் கருங்கல் ஊரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். போகும்போது வீட்டில் மாட்டியிருந்த ஜெனிஷின் படத்தை எடுத்துப்போனாள். கூப்பிடப் போன தாசையனுக்குத் தங்கச்சி வீட்டுக் கதவு திறக்கவில்லை.

கடையில் இப்போது கூலிக்கு ஆள் வைத்துப் பொரித்தார்கள். வருகிறவர்கள் அம்மா எங்கே, அம்மாவுடன் ஒரு படம் எடுக்கவேண்டும் என்றார்கள். மகனைப் பற்றி மறுபடி எழுதியபோது முன்புபோல் யாரும் அழவில்லை. ஏற்கெனவே படித்ததுதானே என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வெள்ளைச் சட்டையுடன் தாசையன் மாடி ஏறி வந்தார். வகுப்பு இல்லாத நாள். ஷீபா தனியாக இருந்தாள். அவர் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

பிறகு கேட்டாள்: "அந்தப் பையில நெசமா என்ன இருந்தது அண்ணாச்சி?"

"தெரியாது டீச்சர். போலீஸ்ல போய் வாங்கினது லீலாதான். நான் கேட்டதில்லே."

"அப்போ அந்த பாக்கெட்?"

"எழுதும்போது தன்னால வந்துட்டு. இப்போ கண்ணை மூடினா அந்த பாக்கெட்தான் தெரியுது. அவனுக்க முகம் வரமாட்டேங்குது."

ஷீபா தண்ணீர் எடுத்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை. அவள் தன் கைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். அந்தப் பதிவைத் தான் பகிர்ந்ததை அவளும் நினைத்திருக்கவேண்டும்.

"நீங்க என்ன கேக்க வந்தீங்க?"

"இனி நான் என்ன எழுத? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

ஷீபா எழுந்தாள். கைபேசியை நிறுத்தும் தாங்கியை அவர் முன்னால் வைத்து, அதில் கைபேசியைப் பொருத்தினாள். பதிவு தொடங்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"எழுதவேண்டாம். வாயால சொல்லுங்க. லீலா அக்கா ஏன் போனாங்க? அவங்க கேட்ட கேள்வியைச் சொல்லுங்க. அதுக்கு உங்ககிட்ட என்ன பதில் இருந்தது, அதையும் சொல்லுங்க. ஒரு பொய்யும் இல்லாம."

தாசையன் கைபேசியையே பார்த்தார். கண்ணிலிருந்து நீர் இறங்கியது. கீழே பேருந்துகள் உறுமிக்கொண்டிருந்தன. ஷீபா காத்திருந்தாள். அவர் கைபேசியைத் தட்டிவிட்டு எழுந்து கருங்கல்லுக்குப் போவார் என்று நினைத்தாள். கதவு திறக்கும்வரை அந்த வாசலில் கிடப்பார் என்று நினைத்தாள்.

தாசையன் எழுந்தார்.

நாற்காலியைத் தூக்கிச் சன்னல் பக்கம் போட்டார். வெளிச்சம் முகத்தில் விழும்படி சற்றுத் திருப்பி உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்து ஒரு கன்னத்தைத் துடைத்தார். மறு கன்னத்துக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. அந்தக் கண்ணீரைத் துடைக்காமல் விட்டு, கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அழுதுகிட்டே சொல்லட்டா டீச்சர்? இல்லே, சொல்லி முடிச்சிட்டு அழட்டா?"

ஷீபா கைபேசியைத் தாங்கியிலிருந்து எடுத்து அணைத்தாள்.

"நான் உங்களுக்குச் சொல்லித்தர இனி ஒண்ணும் இல்லே, அண்ணாச்சி."