தண்ணீர் குடிக்கும் வேட்டி

மலையடிவாரத்தில், ஓடைக்கரையை ஒட்டி தவமணியம்மாவின் ஆசிரமம் இருந்தது. ஆசிரமம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு வேய்ந்த நான்கு அறைகள், ஓர் அடுக்களை, ஓடையில் ஒரு துவைகல், அவ்வளவுதான். தவமணியம்மாவுக்கு வயது நாற்பத்து மூன்று. முன்பு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அதிகம் பேசமாட்டார்.

சீடர்களில் மூத்தவர் பேச்சிமுத்து. குருவைவிடப் பதினெட்டு வயது பெரியவர். போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குருவை 'அம்மா' என்பார். குரு அவரை 'அண்ணாச்சி' என்பார்.

காக்கியைக் கழற்றி மூன்று வருடம் ஆகியும் பேச்சிமுத்து கஞ்சியை விடவில்லை. ஆசிரமத்துத் துணிமணி எல்லாம் அவர் பொறுப்பு. அடுக்களையில் சோறு வடித்த கஞ்சி நேராக அவருடைய வாளிக்குத்தான் போகும். அவர் துவைத்த துண்டில் முகம் துடைத்தால் மூக்கு சிராய்க்கும். அவர் வேட்டியை அவிழ்த்து வைத்தால் அது ஆள் இல்லாமலே நிற்கும் என்று மற்ற சீடர்கள் சிரிப்பார்கள். மனுஷன் அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

தினமும் சாயங்காலம் குருவிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"அம்மா, எம் மனசு ஏன் இளக மாட்டேங்கு?"

"சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?" என்பார் தவமணியம்மா.

இரண்டு வருடமாக இதே கேள்வி. இதே பதில்.

மனசு இளகாததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். ஒரே மகள் வடிவு நான்கு வருடத்துக்கு முன்பு, அவர் வேண்டாம் என்று சொன்ன பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் பெயர் ஜெபராஜ். மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவன். அன்றைக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நின்று, நாலு பேர் கேட்க, பேச்சிமுத்து ஒரு வார்த்தை விட்டார்.

"அந்த வீட்டுப் பச்சைத் தண்ணி எம் பல்லுல படாது."

படவும் இல்லை. மனைவியும் முன்பே இறந்துவிட்டதால் அவரைச் சமாதானம் செய்ய வீட்டில் ஆள் இல்லை. தனியாக இருந்து பார்த்தார். முடியாமல் ஆசிரமத்துக்கு வந்துவிட்டார்.

புரட்டாசியில் ஒரு நாள் ஜெபராஜ் ஆசிரமத்து வாசலில் வந்து நின்றான். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான்.

"நான் ஜெபராஜ்."

"தெரியும். என்ன விஷயம்?" என்றார் பேச்சிமுத்து.

"வடிவுக்கு அடுத்த மாசக் கடைசியில பிரசவத்துக்குத் தேதி குறிச்சிருக்காங்க. ஒங்க பழைய வேட்டி ஒண்ணு வேணும்னு சொன்னா."

பேச்சிமுத்துவின் குடும்பத்தில் அது வழக்கம். பிறந்த பிள்ளைக்கு இடுப்பில் கட்டும் முதல் துணியைத் தாயின் அப்பா கட்டிப் பழசான வேட்டியிலிருந்துதான் கிழிப்பார்கள். வடிவு பிறந்தபோதும் பேச்சிமுத்துவின் மாமனார் வேட்டியைத்தான் கிழித்தார்கள். கிழித்த சத்தம் கூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

உள்ளே போனார். டிரங்குப் பெட்டியைத் திறந்து, அட்டை டப்பாவில் இருந்த எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்து வந்தார். மில் முத்திரை கூடக் கலையவில்லை.

"பழசு எங்கிட்ட கெடையாது. ஓரம் நைஞ்சாலே யாருக்காவது குடுத்திருவேன். இதக் கொண்டு போ."

ஜெபராஜ் கை நீட்டவில்லை.

"புதுசு கடையில கெடைக்கும் மாமா. அவ ஒங்க பழசத்தான் கேட்டா."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். 'மாமா' என்ற சொல் பேச்சிமுத்துவை ரொம்ப நேரம் குடைந்தது. சாயங்காலம் டப்பாவோடு குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, புது வேட்டி குடுத்தேன். வேண்டாம்னுட்டான். என்ன திமிரு பாத்தீங்களா?"

தவமணியம்மா டப்பாவைத் திறந்து, வேட்டியை ஒரு மடிப்பு விரித்தார். பக்கத்தில் இருந்த செம்பிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓரத்தில் வழிந்து தரையில் சொட்டியது. அப்புறம் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிற கரித்துணியை எடுத்து விரித்து, அதன் மேலும் ஒரு கரண்டி ஊற்றினார். தண்ணீர் போன இடம் தெரியவில்லை.

"அண்ணாச்சி, இந்தப் புதுசுல பிள்ளை மோண்டா எங்க போகும்?"

"கீழ வழிஞ்சிரும்."

"பிள்ளை எதுல கெடக்கும்?"

பேச்சிமுத்து தரையில் சொட்டிய தண்ணீரைப் பார்த்தார்.

"ஈரத்துல."

"ம்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"தொவைங்க."

"எத்தனை தடவை?"

"அது குடிக்கிற வரைக்கும்."

மறுநாள் காலையே பேச்சிமுத்து ஓடையில் இறங்கிவிட்டார். கேஸ் எடுத்தால் முடிக்காமல் விடாத மனிதர். துவைத்தார், காயவைத்தார், கட்டிக்கொண்டு நடந்தார், மறுபடி துவைத்தார். கஞ்சி இல்லாத வேட்டியைக் கட்டிக்கொண்டு நடப்பது முதல் வாரம் அவருக்கு உடம்பில் துணியே இல்லாத மாதிரி இருந்தது. யாராவது எதிரே வந்தால் தோட்டத்துப் பக்கம் ஒதுங்கிப் போனார்.

ராத்திரி படுக்கிறதுக்கு முன்னால் ஒரு கரண்டித் தண்ணீரை அதில் ஊற்றிப் பார்ப்பார்.

"அம்மா, நூறு எண்ணுனேன். இன்னும் மேலயே நிக்கி."

"நல்லது."

பத்து நாள் கழித்து, "அம்பதுல குடிச்சிட்டு."

"நல்லது."

இருபதாம் நாள், "பத்து எண்ணுறதுக்குள்ள."

முப்பத்து மூன்றாம் நாள் ஊற்றிய கரண்டியை எடுப்பதற்குள் தண்ணீரைக் காணோம். பேச்சிமுத்து வேட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். தவமணியம்மா அடுக்களை ஜன்னலில் நின்றிருந்தார்.

மறுநாள் மதியம் ஆசிரமத்துக்கு போன் வந்தது. தவமணியம்மாதான் பேசினார். பேசிவிட்டு ஓடைக்கரைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க மருமகன் பேசினாரு. பொம்பளப் பிள்ளை. மூணு வாரம் முந்திப் பிறந்திட்டு. இன்னைக்கு ஆறு நாள் ஆச்சு."

"ஆறு நாளா?" என்றார் பேச்சிமுத்து. "எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லுங்கன்னு நீங்க சொல்லியிருந்தீங்களா?"

பேச்சிமுத்து கையிலிருந்த சோப்பைத் துவைகல்லின் மேல் வைத்தார்.

"பிள்ளைக்குத் தோல் ரொம்ப மெல்லிசு. டயப்பர் போட்டதுல தொடையெல்லாம் செவந்து புண்ணாயிட்டு. பருத்தித் துணிதான் கட்டணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இருக்கிற நாலஞ்சு துணியும் இந்த மழையில காயலையாம். மருமகனோட அம்மாவுக்குக் கை ஒடிஞ்சு கட்டுப் போட்டிருக்கு, கூட வந்து நிக்க ஆளில்ல. வேட்டிய வாங்க வரட்டுமான்னு கேட்டாரு. நீங்களே கொண்டு வருவீங்கன்னு சொல்லிட்டேன்."

பேச்சிமுத்து உள்ளே ஓடினார். வேட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். தவமணியம்மா வாங்கி, அதன் மேல் விரலால் சுண்டினார்.

டக், டக் என்றது.

கத்தி மாதிரி மடிப்பு. மொடமொடவென்று கஞ்சி. அன்றைக்குக் காலையில்தான் போட்டுத் தேய்த்து வைத்திருந்தார்.

பேச்சிமுத்து அந்த வேட்டியைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

"ஐயோ, அம்மா." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "மக வீட்டுக்குப் போற துணியாச்சேன்னு நெனச்சேன். கை தன்னால கஞ்சி வாளிக்குப் போயிட்டு. முப்பத்து மூணு நாளும் போச்சே."

தவமணியம்மா திட்டவில்லை, தேற்றவும் இல்லை.

"இன்னைக்கு அலசிக் காயவச்சு நாளைக்குக் கொண்டு போறேன்," என்றார் பேச்சிமுத்து.

"பிள்ளை நாளைக்குத்தான் மோளுமா?"

"இப்படியே எப்படிம்மா கொண்டு போக?"

"அந்த வீட்டுலயும் தண்ணி இருக்கும்லா அண்ணாச்சி."

சொல்லிவிட்டு அவர் அடுக்களைக்குப் போய்விட்டார். பேச்சிமுத்து எழுந்தார். வேட்டியையும் குடையையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

இரண்டு மணி நேரப் பயணம். மகளிடம் என்ன சொல்லுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். கண்டிப்பாக ஒன்று, நயமாக ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மூன்றும் மறந்துவிட்டது.

ஒரே கூடம். ஜன்னல் கம்பிக்கும் கதவுக்கும் இடையே கொடி கட்டி, ஈரத் துணிகள் தொங்கின. பிள்ளை விடாமல் அழுதுகொண்டிருந்தது. கட்டிலில் வடிவு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. அப்பாவைப் பார்த்தாள். எழுந்திருக்க முயன்றாள், முடியவில்லை.

பேச்சிமுத்து வேட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெந்நி இருக்கா?" என்றார்.

வடிவு அவரையே பார்த்தாள்.

"எங்க வீட்டுத் தண்ணியாப்பா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாம்மா."

"அடுப்புல இருக்கு."

புழக்கடையில் உட்கார்ந்து வேட்டியை வெந்நீரில் போட்டார். கஞ்சி கரைந்து தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினார். நான்காவது தடவை தண்ணீர் தெளிந்தது. ஜெபராஜ் ஒன்றும் கேட்காமல் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

"இஸ்திரிப் பெட்டி இருக்கா மாப்பிள்ள?" என்றார் பேச்சிமுத்து.

ஜெபராஜ் ஒரு கணம் வாளியைப் பிடித்தபடி நின்றான். பிறகு ஓடிப்போய் எடுத்து வந்தான்.

முப்பத்தைந்து வருடம் காக்கி தேய்த்த கை சும்மா இருக்குமா? வேட்டியைக் கிழித்தார். டர்ரென்று அந்தச் சத்தம் கேட்டதும் வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதினாறு துண்டு. ஒவ்வொன்றையும் ஆவி பறக்கத் தேய்த்து உலர்த்தினார். கொடியில் தொங்கிய துணிகளையும் விட்டுவைக்கவில்லை.

முதல் துண்டை முக்கோணமாக மடித்து, சூடு ஆறிவிட்டதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்து, பிள்ளைக்குக் கட்டினார். முடிச்சு தளர்வாகத்தான் இருந்தது. பிள்ளை இரண்டு விக்கல் விக்கி அழுகையை நிறுத்தியது. உடனே மோண்டது.

பேச்சிமுத்து குனிந்து அடியில் கைவிட்டுத் தடவினார். மெத்தை நனையவில்லை.

"குடிச்சிட்டு!" என்று கத்தினார். "வடிவு, குடிச்சிட்டும்மா!"

அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டேஷனில் எத்தனையோ பேரை அழவைத்த மனிதர், ஆறு நாள் பிள்ளையின் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். வடிவு ஒரு தம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

ஆசிரமத்துக்குப் போன் மட்டும் வந்தது. "அம்மா, இன்னும் ரெண்டு நாள்." அப்புறம், "இன்னும் ஒரு வாரம்." அப்புறம் போனும் வரவில்லை.

மார்கழி பிறந்து சில நாள் கழித்து, பேச்சிமுத்து டிரங்குப் பெட்டியை எடுத்துப் போக வந்தார். வாசலில் நின்ற சீடர் யாரோ என்று நினைத்து, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார். பேச்சிமுத்து கட்டியிருந்த நாலு முழ வேட்டி கசங்கிப்போய், முட்டியில் சுருங்கி, தொடைப் பக்கம் மஞ்சளாக ஒரு கறையோடு இருந்தது. துவைத்தும் போகாத கறை.

குருவை வணங்கிவிட்டு உட்கார்ந்தார்.

"பிள்ளை எப்படி இருக்கா அண்ணாச்சி?"

"தொடையெல்லாம் ஆறிட்டும்மா. ஒரு நாளைக்கு இருபது துணி. அத்தனையும் நாந்தான் தொவைக்கேன். மாப்பிள்ள தொவைச்சா சோப்பு நிக்கி." அதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"ரெண்டு வருஷமா ஒரே கேள்வியக் கேட்டேன். நீங்க ஒரு நாளும் பதில் சொல்லலையே."

தவமணியம்மா செம்பை எடுத்தார். ஒரு கரண்டித் தண்ணீரை அவர் மடியில் ஊற்றினார்.

பேச்சிமுத்து குனிந்து பார்த்தார். வேட்டியின் மேல் தண்ணீர் இல்லை.

"இதையும் கிழிச்சா எட்டுத் துணி தேறும் அண்ணாச்சி," என்றார் தவமணியம்மா. "கெளம்புங்க. பிள்ளை நனைச்சிருக்கும்."