டிரைவரண்ணன் கால் ஊன்றாமல் வந்த நாள்

கூழையாற்றுப் பள்ளத்தாக்கில் மோட்டார் வண்டி எட்டிப் பார்க்காத தடம் ஒன்று உண்டு. அணையடியில் தொடங்கிக் கூடுதுறையில் முடியும். முப்பத்தெட்டு கிலோமீட்டர், முழுக்கச் சரளையும் மணலும். வாய்க்கால் கரையில் கொஞ்ச தூரம், பழைய மாட்டுவண்டித் தடத்தில் கொஞ்ச தூரம் போய், அப்புறம் ஆளாளுக்குச் சொந்தமான மேய்ச்சல் காடுகளுக்குள்ளேயே புகுந்து புறப்படும். சுற்றிலும் கிளுவை வேலி. தடம் வேலியைக் கடக்கும் இடமெல்லாம் கம்பும் முள்ளும் பின்னிய படல் ஒன்று நிற்கும்.

துண்டு துண்டாகக் கிடந்த அந்தத் தடத்தை முடிச்சுப் போட்டு ஒன்றாக்கியவள் தெய்வானை. வயது நாற்பதுக்குப் பக்கம். சைக்கிளில் அவளுக்கு நிகர் ஆற்றின் இரு கரையிலும் இல்லை. அவள் சக்கரம் ஏறி இறங்கிய கல் தூக்கம் கலைந்து புரண்டுகூடப் படுக்காது. ஒருதரம் ஓணான் ஒன்று அணையடியில் அவள் ஹேண்டில்பாரில் ஏறிக் கண்ணயர்ந்து, கூடுதுறையில்தான் விழித்தது. இறங்கும்போது டிக்கெட் எவ்வளவு என்று கேட்டதாகச் சிலர் சொல்வார்கள். அந்த அளவுக்கு நான் போகமாட்டேன். தலையை ஆட்டியது, அவ்வளவுதான்.

ஞாயிறு தோறும் டவுனிலிருந்து சைக்கிளோடு ஆட்கள் வருவார்கள். முன்னால் தெய்வானை போவாள், மற்றவர்கள் பின்னால். அந்த முதல் சைக்கிளுக்கு முன்வண்டி என்று பெயர்.

அவளுக்கு ஒரு சீடர். திருமலைசாமி. அவளைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அத்தனை வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்பது அவருக்குப் பெருமை. கோழிகளுக்கும் அதில் பெருமைதான்.

ஹாரன் இல்லாத வாழ்க்கை அவருக்கு லேசில் பிடிபடவில்லை. முதல் வாரம் வளைவுக்கு வளைவு வாயால் ஹாரன் அடித்தார். ஆமை ஒன்றைத் தாண்டும்போது கையை நீட்டி சிக்னல் காட்டினார். ஆமையும் ஓரம் ஒதுங்கி வழிவிட்டது.

ஒருநாள் அவர் கேட்டார்.

“அம்மிணி, முன்வண்டி ஓட்ட எனக்கு எப்பத் தகுதி வரும்?”

தெய்வானை செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அணையில ஏறி இங்க வந்து எறங்குற வரைக்கும் எத்தனை தடவை காலு ஊனுறீங்கன்னு பாருங்க டிரைவரண்ணா. வந்து சொல்லுங்க.”

“எத்தனைக்குள்ள இருக்கோணும்?”

“வந்து சொல்லுங்க.”

மறுநாள் விடியலில் பழைய சிநேகிதர் ஓட்டும் பஸ்ஸின் கூரையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு அணைக்குப் போனார். கூடுதுறையில் அவள் வீட்டு வாசலில் வந்து இறங்கும்போது சட்டை பிழியும்படி நனைந்திருந்தது.

“நாப்பத்தொண்ணுங்க.”

“ஹேண்டில இறுக்கிப் புடிக்காதீங்க. அது ஸ்டீரிங் இல்ல” என்று சொல்லி, ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். யார் வந்தாலும் ஒரு டம்ளர் மோர், அது அந்த வீட்டு வழக்கம்.

அடுத்த வாரம் இருபத்தாறு.

“மணல்ல பிரேக்கத் தொடாதீங்க.” ஒரு டம்ளர் மோர்.

அதற்கடுத்து பதினைந்து.

“ஆடு குறுக்க வந்துபோட்டுதுங்க அம்மிணி.”

“ஆடு குறுக்கதான் வரும். நேரா வாரதுக்கு அதென்ன உங்க பஸ்ஸா?”

அப்புறம் ஒருநாள் முகம் முழுக்கச் சிரிப்போடு வந்தார்.

“ஏழு.”

தெய்வானை நிமிர்ந்து பார்த்தாள். எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தாள். ஒரு டம்ளர் மோர் ஊற்றினாள். அவர் குடித்து முடித்ததும், கேட்காமலே இரண்டாவது டம்ளரை ஊற்றி நீட்டினாள்.

அவர் அதற்குள் சைக்கிளில் ஏறியிருந்தார்.

“இருங்க அம்மிணி. இந்த ஏழு மட்டும் எதுக்கு? ஞாயித்துக்கெழமைக்குள்ள அதையும் தொடச்சுப்போட்டு வாரேன்.”

அவர் போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்த டம்ளரை அவளே குடித்தாள்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். வந்தவர் இறங்கவில்லை. வாசலிலேயே சைக்கிளில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மிணி, வெளிய வாங்க. காலைக் கீழ வெக்கப் போறேன். சாட்சி வேணும்.”

அவள் வந்து நின்றாள். மேலும் ஒரு சுற்றுச் சுற்றி, புதுப்பெண் படியேறுவது போல் வலது காலைப் பூவாக வைத்தார்.

“சைபருங்க.”

பிறகு திண்ணையில் சாவகாசமாக உட்கார்ந்து கதை சொன்னார். அணையடி இறக்கத்தைச் சொன்னார். மணல்மேட்டைச் சொன்னார். சொல்லச் சொல்ல இன்னும் இரண்டு மணல்மேடு முளைத்தது. வெயில் சாய்ந்தது. தெய்வானை எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“படலையெல்லாம் எப்படிக் கடந்தீங்க?”

“அங்கதானுங்க வித்தை இருக்குது. ஒரு கை ஹேண்டில்ல. ஒரு கையால கயித்து வளையத்தத் தூக்கி விட்டுப்போட்டு, முன்சக்கரத்தால ஒரு தள்ளு. கதவு மாதிரி தொறந்துக்குது.”

“அப்புறம்?”

“அப்புறமென்னுங்க, வந்துட்டேன்.”

அவள் தடத்தின் பக்கம் திரும்பினாள். தடத்தில் சென்னியப்பன் வந்துகொண்டிருந்தார். ஆற்றோரம் மேய்ச்சல் காடு வைத்திருப்பவர்களில் மூத்தவர். கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒரு செவலைக் கிடாரி, நாக்கைத் துழாவிக்கொண்டு.

“அம்மிணி, பதினாலு வருசமா எங்க ஏழு பேரு காட்டுக்குள்ள உங்க சைக்கிள் போகுது” என்றார். “ஒருநாளும் படல் தொறந்து கெடந்ததில்ல. இன்னைக்கு ஏழும் தொறந்து கெடக்குது.”

திருமலைசாமியின் சிரிப்பு முகத்தில் இருந்த இடத்திலேயே நின்றது.

“மாடெல்லாம் ஆத்துக்குள்ள. இவ மட்டும் இளஞ்சோளத்துல பூந்துட்டா. இன்னும் நாலு வாய் தின்னிருந்தா வயிறு ஊதிச் செத்திருப்பா. நாங்க ஏழு பேரும் பேசிட்டோம். நாளைக்கு முள்ளு வெட்டித் தடத்தை அடைக்கிறோம். ஞாயித்துக்கெழமைக் கூட்டத்துக்கு வேற வழி பாத்துக்குங்க.”

வேறு வழி கிடையாது. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் லாரி ஓடும் ரோடு. அந்த ஏழு காடும் இல்லையென்றால் தடமே இல்லை. அது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும். கிடாரிக்குத்தான் தெரியாது.

“யாருன்னு தெரியலீங்க” என்றார் சென்னியப்பன். “எவனோ டவுன்காரன். நம்ம டிரைவரண்ணன் மாதிரி ஆளுக செய்ய மாட்டாங்க. கோழியக்கூட அடிக்காதவரு.”

திருமலைசாமி தெய்வானையைப் பார்த்தார். அவள் குனிந்து செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் செயினுக்கு அன்றைக்கு அது மூன்றாவது எண்ணெய்.

அவர் எழுந்தார்.

“நான்தானுங்க.”

சென்னியப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“கயித்தக் குடுங்க” என்றார் திருமலைசாமி. “இவள நானே கொண்டுபோய் உடறேன். மாடுகள ஓட்டிக்கிட்டு வந்து, ஏழு படலும் சாத்திட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.”

சைக்கிளைத் தொடவில்லை. நடந்தார். சென்னியப்பன் இரண்டடி பின்னால் வந்தார்.

ஆற்றில் கிடந்த மாடுகளைக் காட்டுக்குள் ஓட்டிவிட்டு, முதல் படலில் கயிற்று வளையத்தை மாட்டினார். சென்னியப்பன் அதை அவிழ்த்துவிட்டார்.

“இப்படி இல்லீங்க. ரெண்டு சுத்து சுத்திக் கம்புல மாட்டோணும். இல்லாட்டி மாடு மூக்காலயே தூக்கிப்போடும்.”

இரண்டாவது படலில் இரண்டு சுற்றுச் சுற்றினார். மூன்றாவதில் சென்னியப்பன் ஒன்றும் சொல்லவில்லை. நான்காவதில் கிடாரிக்கே பொறுமை போய்விட்டது. ஏழாவதில் சென்னியப்பன் வளையத்தைத் தம் மூக்காலேயே நெம்பிப் பார்த்தார். வரவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கெழமை முன்வண்டி யாரு?”

“அம்மிணிதானுங்க.”

“நீங்க வாங்க.”

“நானுங்களா? தொறந்து போட்டவனே நான்தானே.”

“அதனாலதான் சொல்றேன். இனி நீங்க தொறந்து போடமாட்டீங்க. மத்தவங்களப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நீங்க முன்னால வாரதுன்னா முள்ளு வெட்டல.”

மறுநாள் காலை சைக்கிளை எடுக்க வந்தபோது திருமலைசாமி இதைத் தெய்வானையிடம் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது. பஸ் ஓட்டி முப்பத்தொரு வருடம் முடிந்தபோது போட்ட மாலையைப் பற்றிக்கூட அவர் இப்படிச் சொன்னதில்லை. மணல்மேடு எதுவும் கூடுதலாக முளைக்கவில்லை.

“ம்” என்றாள் அவள்.

அவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

“அம்மிணி, நீங்க பதினாலு வருசமாக் காலே ஊனினதில்லன்னு ஊருக்குள்ள பேச்சுங்க.”

“யாரு சொல்றது?”

“எல்லாரும்தான். ஓணான் கதைகூட இருக்குதுங்களே.”

“ஓணான் நெசம்.”

“அப்பக் காலு?”

“ஏழு.” அவள் கழுத்தை நிமிர்த்திச் சொன்னாள். தேருக்கு முதல் வடம் பிடிக்கிற குடும்பத்தார்கூட அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. “மழையோ வெயிலோ, ஏழு. பதினாலு வருசத்துல ஒண்ணு கொறஞ்சதில்ல.”

திருமலைசாமி படலுக்கு ஒரு விரலாக மடக்கி எண்ணினார்; ஏழில் நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அன்னைக்கு நானும் ஏழுன்னு வந்து நின்னனே அம்மிணி. நீங்க ஒரு வார்த்தை சொல்லலீங்களே?”

தெய்வானை உள்ளே போய் மோர்ப் பானையைக் கொண்டுவந்தாள். அவர் முன்னால் இரண்டு டம்ளர் வைத்து இரண்டையும் நிறைத்தாள்.

“சொன்னனே. ரெண்டாவது டம்ளர நீங்கதான் குடிக்காமப் போயிட்டீங்க.”