அருவிக்குப் பக்கத்து ரூம்

லீவு என்று யாராவது வாயைத் திறந்தாலே எரிந்து விழுவார் சென்னைக் கம்பெனி மேனேஜர் திருவேங்கடம். அவரே ஒருநாள், தன் கம்பெனிக்கு டிக்கெட் போடும் தென்காசிப் பேச்சியம்மாளுக்குப் போன் போட்டார்.

"குற்றாலத்துல ரூம் வேணும். லேப்டாப்புல வேலையும் நடக்கணும், குளியலும் நடக்கணும். அருவி பக்கத்துலயே இருக்கணும். ஆனா மீட்டிங்ல அருவிச் சத்தம் கேட்டு எங்க டைரக்டர் என்னைத் திட்டினார்னா, இனிமே உனக்கு ஒரு டிக்கெட்கூட வராது!"

அருவியின் வாயை யார் மூடுவது? பேச்சியம்மாள் அசரவில்லை.

"சத்தம் வரத்தான் செய்யும் சார். டைரக்டர் ஏச மாட்டாரு. அதுக்கு நான் பொறுப்பு."

திருவேங்கடம் குற்றாலம் வந்தார். தலை நிறைய எண்ணெய் தேய்த்து, அது ஊறுவதற்குள் மீட்டிங்கை முடித்துவிடலாம் என்று கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். அருவி ஹோவென்று கொட்டியது. அவர் மைக்கைக் கையால் பொத்திப் பொத்திப் பேசினார். டைரக்டரோ சத்தத்தைப் பற்றி மூச்சே விடவில்லை.

முடிந்ததும் துண்டோடு வெளியே பாய்ந்தார். பக்கத்து ரூம் கதவும் திறந்தது. இடுப்பில் துண்டு, நெற்றியில் வழியும் எண்ணெயோடு டைரக்டர்!

இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். பிறகு டைரக்டரே சிரித்துவிட்டு, "வாங்க, குளிப்போம்" என்றார்.

திருவேங்கடம் போனில் அலறினார். "மாட்டி விட்டுட்டியே பேச்சி!"

"ஏசினாரா சார்?"

"இல்ல..."

"அப்ப நீங்களும் ஏசாதீங்க. கீழ் வரிசை ரூம் பூரா உங்க டீம் பிள்ளைங்கதான். லீவு கேக்கப் பயந்து, வேலையையும் தூக்கிட்டு வந்திருக்காங்க."