மாங்கனீசு வீட்டு மேல்மாடி காலியான கதை

அந்தக் காலத்தில் உலோகங்களும் வாய் திறந்து பேசின. அதிலும் மாங்கனீசு பேசியதெல்லாம் கவலைதான். ஆற்றங்கரையில் அவளுக்கு ஒரு வீடு. கீழே மூன்று அறை, மேலே இரண்டு. எலக்ட்ரான் என்று அவளுக்கு ஐந்து பெண்கள். ஆளுக்கொரு அறை. ஐவரும் ஒரே பக்கம் முகம் வைத்துத்தான் சுற்றுவார்கள். அதனால் அந்த வீட்டுக்கு நல்ல இழுப்பு இருந்தது. ஒரே அறையில் இரண்டு பேர் தங்க நேர்ந்தால் மட்டும் எதிரெதிர்ப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். குடும்ப வழக்கம், மாற்ற முடியாது.

மேட்டில் காந்தக்கல் மாமா இருந்தார். ஆற்றில் வெள்ளம் வந்தால், அந்த ஐந்து பேரின் இழுப்பை வைத்துத்தான் வீட்டைத் தன் பக்கம் நிறுத்திக்கொள்வார். வேறு பாதுகாப்பு கிடையாது.

வீட்டைச் சுற்றி ஆறு தண்ணீர்க்காரர்கள் நின்றார்கள். நாலு பக்கமும் நாலு பேர், மேலே ஒருவர், கீழே ஒருவர். தளர்வாகத்தான் பிடித்திருந்தார்கள்.

அந்த வருடம் மழை விடவே இல்லை. ஆறு ஏறிக்கொண்டே வந்தது. மாங்கனீசுக்குச் சோறு இறங்கவில்லை.

"அண்ணே, பிடியை விட்டுடாதீங்க."

"பிடிச்சுக்கிட்டுத்தானே நிக்கிறேன். எத்தனை தடவை கேப்பே தாயி?" என்றார் ஒரு தண்ணீர்க்காரர்.

"பிடிச்ச மாதிரியே தெரியலையே."

"இறுக்கினா உன் வீடு கோணிக்கும்."

அவள் நம்பவில்லை. அந்த நேரம் பார்த்து சயனைடு வீட்டு ஆட்கள் ஆறு பேர் வந்தார்கள். "நாங்க பிடிச்சா விடமாட்டோம்" என்றார்கள். உண்மைதான், ஊருக்கே தெரியும்.

"அம்மா, மாமா இருக்காருல்ல, இவங்க எதுக்கு?" என்றாள் கடைக்குட்டி.

"வாயை மூடு. வெள்ளம் வந்தா உனக்கு நீந்தத் தெரியுமா?"

"உனக்குத் தெரியுமா?"

மாங்கனீசு தண்ணீர்க்காரர்களைப் போகச் சொல்லிவிட்டாள். அவர்கள் நின்ற இடத்தில் சயனைடு ஆட்கள் நின்று இறுக்கிப் பிடித்தார்கள்.

மேல் அறைகள் இரண்டும் அவர்கள் நின்ற திசையைப் பார்த்தே கட்டப்பட்டவை. இறுக்க இறுக்க அவை நெருக்கடி தாங்காமல் மேலே மேலே போயின. "அம்மா, படி எட்டலை" என்று மூத்தவள் அழுதாள். இனி அங்கே ஏறியிருக்க யாருக்கும் தெம்பில்லை. மாடியில் இருந்த இருவரும் கீழே வந்து, ஆளுக்கொரு தங்கையின் அறையில் ஒண்டிக்கொண்டார்கள். வழக்கப்படி, வந்தவள் ஒரு பக்கம், இருந்தவள் எதிர்ப் பக்கம். ஒருத்தியின் இழுப்பை மற்றவள் அழித்துவிட்டாள். கடைக்குட்டி அறைக்கு மட்டும் யாரும் வரவில்லை.

விடியும்போது வெள்ளம் வாசலில் நின்றது.

"மாமா, இழுங்க!" என்று பெண்கள் கத்தினார்கள்.

"யாரு அது?"

"நாங்கதான், அஞ்சு பேரும்."

"அஞ்சு பேரா?" என்றார் காந்தக்கல். "எனக்கு ஒருத்திதானேம்மா தட்டுப்படுறா. மத்தவங்க எங்கே?"

மாங்கனீசு திரும்பிப் பார்த்தாள். மற்ற நான்கு பெண்களும் இருவர் இருவராக எதிரெதிர்ப் பக்கம் திரும்பி வீட்டுக்குள்தான் இருந்தார்கள். கடைக்குட்டி தன்னால் முடிந்தவரை இழுத்துப் பார்த்தாள். போதவில்லை. வீடு கரையைவிட்டு நகர்ந்தது. சயனைடு ஆட்கள் சொன்ன சொல் தவறவில்லை. கடைசிவரை பிடியை விடாமல் அவர்களும் கூடவே அடித்துக்கொண்டு போனார்கள்.

அன்றைக்குத் தொடங்கிய வழக்கம்தான் இன்றுவரை: தண்ணீர் தளர்வாகச் சூழ்ந்த மாங்கனீசைக் காந்தம் ஐந்து பேர் பலத்தோடு இழுக்கிறது, சயனைடு இறுக்கிய மாங்கனீசிடம் கடைக்குட்டி ஒருத்தியின் பலம்தான் அதற்கு எட்டுகிறது.