பேர் வராத நம்பர்

உடன்குடிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் ஜெபக்கனி டீச்சர் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தி வந்தார். டீச்சருக்கு வயது இருபத்தெட்டு. படிக்க வந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் மீசை நரைத்திருந்தது. அவர் பொன்னுலிங்கம் அண்ணாச்சி. கருப்பட்டிக் கடைக்காரர்.

பைபாஸ் ரோடு போட்டதிலிருந்து அண்ணாச்சி கடை வாசலில் பஸ் நிற்பதில்லை. பஸ் நிற்காத இடத்தில் யார் இறங்குவார்கள்? பொங்கலுக்குள் வியாபாரம் தேறாவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு, சென்னைக்குப் போய் மச்சினன் கடையில் பொட்டலம் மடிக்க வேண்டும். அந்த மச்சினனோடு அவர் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது.

அதனால்தான் குறைந்த விலையில் ஒரு வெப்சைட் போட்டார்.

அன்று வகுப்பு முடிந்தது. அண்ணாச்சி எழுந்து நின்றார்.

“டீச்சர், ஒரு சந்தேகம்.”

“உட்கார்ந்தே கேளுங்க அண்ணாச்சி.”

“வெப்சைட் போட்டு மூணு மாசம் ஆச்சு. உலகமே உங்க கடையைப் பாக்கும்னு போட்டவன் சொன்னான். உலகம் வந்தா எங்க உக்காரும்னு பெஞ்சு கூட வாங்கிப் போட்டேன். அதுல ஒரு நாய்தான் படுத்திருக்கு. எதும் கோளாறா இருக்குமோ?”

டீச்சர் வெப்சைட்டைத் திறந்து பார்த்தார். ஒரே ஒரு பக்கம். மேலே கடைப் படம், நடுவில் கருப்பட்டி, கீழே போன் நம்பர்.

டீச்சர் பக்கத்தில் இருந்த பெண்ணின் போனை வாங்கி அந்த நம்பரைப் போட்டார்.

அண்ணாச்சியின் சட்டைப்பையில் முருகன் பாட்டு கேட்டது. எடுத்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். கட் பண்ணினார்.

“யாரு அண்ணாச்சி?”

“பேர் வராத நம்பர் டீச்சர். லோன்காரனா இருக்கும். நீங்க சொல்லுங்க.”

டீச்சர் மறுபடி போட்டார். மறுபடி முருகன் பாட்டு. இந்தத் தடவை அண்ணாச்சி போனை இரண்டு தட்டுத் தட்டினார்.

“பிளாக் பண்ணிட்டேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்” என்றார் பெருமையாக.

போனைக் கொடுத்த பெண் தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இப்படி நெறைய வருதா அண்ணாச்சி?”

“மூணு மாசமா விடமாட்டேங்கானுவ டீச்சர். அதுல ஒருத்தி பெரிய கில்லாடி. ‘கோயமுத்தூருங்க, சில்லுக்கருப்பட்டி அஞ்சு கிலோ அனுப்புவீங்களா’ன்னு நைசா ஆரம்பிக்கா. என் தொழில் வரைக்கும் விசாரிச்சு வச்சிருக்கா பாருங்க! நான் ஏமாறுவேனா? கட்!”

டீச்சர் கையை நீட்டினார். அண்ணாச்சி போனைக் கொடுத்தார். பிளாக் பண்ணின நம்பர்களை எல்லாம் டீச்சர் திறந்து காட்டினார். மொத்தம் அறுபத்து மூன்று.

“உலகம் வந்திருக்கு அண்ணாச்சி.”

அண்ணாச்சி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நம்பர் வந்துகொண்டே இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“இதுல எது லோன், எது கருப்பட்டி?”

“எனக்குத் தெரியாது.”

“வெப்சைட் பிரிச்சுச் சொல்லாதா டீச்சர்?”

“நீங்க குடுத்த காசுக்கு அது உங்க நம்பரை ஊருக்குச் சொல்லும். அவ்வளவுதான்.”

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். “வணக்கம், கருப்பட்டிக் கடை பொன்னுலிங்கம் பேசுதேன்” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சட்டைக் காலரைச் சரி பண்ணினார். முதல் நம்பரைப் போட்டுக் காதில் வைத்தார். மணி ஒரு தடவை அடித்தது. இன்னொரு தடவை அடித்தது.

அண்ணாச்சி போனை இறக்கினார்.

“கட் பண்ணிட்டாங்க டீச்சர்.”

“உங்களை லோன்காரன்னு நெனச்சிருப்பாங்க” என்றார் டீச்சர். “அடுத்த நம்பரைப் போடுங்க அண்ணாச்சி.”