கண்ணாடிப் பெட்டியும் கடுகுச் சிமிழும்

முன்னொரு காலத்தில், ஊருக்கு ஒரே ஒரு நிலைக்கண்ணாடி இருந்த காலத்தில், கொன்றையூரில் மருதப்பன் என்றொரு வித்தைக்காரன் இருந்தான். மந்திரம் தெரியாது. மரம், ஆணி, கயிறு, இவைதான் தெரியும். ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பெட்டி செய்து, உள்ளே கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தினான். அதன் பின்னால் அவன் மனைவி வடிவு ஒடுங்கி உட்கார்ந்தால் பெட்டி காலியாகத் தெரியும். கண்ணாடியைத் தள்ளினால் அவள் இருப்பாள்.

“இல்லை, இல்லை, இல்லை!” என்பான் மருதப்பன். மூன்று முறை கைதட்டி, “இதோ!” என்பான்.

ஒருநாள் அரண்மனையில் இதைக் காட்டியபோது ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அரண்மனை மந்திரவாதி சூலநேத்திரனுக்கு வயிறு எரிந்தது.

“ஆளை மறைப்பது இப்படியடா,” என்று மந்திரப் பொடியை ஊதினான். வடிவு கடுகாகிவிட்டாள். கடுகை வெள்ளிச் சிமிழில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டான். “இதை என் கையால் திறந்தால்தான் இவளுக்கு உருவம் திரும்பும். மூன்று வித்தை காட்டு. ஒன்றிலாவது நான் ஏமாந்தால் திறக்கிறேன்.”

ராஜாவுக்கும் அவனிடம் பயம்.

முதல் நாள் மருதப்பன் வெறும் பானையிலிருந்து புறாவைப் பறக்கவிட்டான்.

“பானைக்குள் இன்னொரு பானை,” என்றான் சூலநேத்திரன்.

இரண்டாம் நாள் வெட்டிய கயிற்றை ஒட்டவைத்தான்.

“வெட்டியது வேறு கயிறு.”

அன்று மாலை மருதப்பன் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே பார்த்தான். பிறகு சவரக்கத்தியை எடுத்தான்.

மூன்றாம் நாள் சபையில் பெட்டி மட்டும் நின்றது. வித்தைக்காரன் சொல்லி அனுப்பியிருந்தபடி ராஜாவே கதவைத் திறந்தார். காலி.

“அதே பழைய கண்ணாடி!” சூலநேத்திரன் கொட்டாவி விட்டான்.

ராஜா கதவை மூடி, மூன்று முறை கைதட்டித் திறந்தார். உள்ளே சிவப்புப் புடவையில், முக்காடிட்டு, வடிவு உட்கார்ந்திருந்தாள்.

“வந்துட்டேன் சாமி. உங்க சிமிழ்ல ஓட்டை.”

வித்தைக்காரன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

“எப்படி? இவள் இங்கேதானே…” சூலநேத்திரன் பதறிப்போய்ச் சிமிழைத் திறந்தான். கடுகு துள்ளி விழுந்தது. விழுந்த இடத்தில் வடிவு நின்றாள்.

பெட்டிக்குள் இருந்த மருதப்பன் முக்காட்டை எடுத்தான். சபையே சிரித்தது. சூலநேத்திரன் மறுபடி பொடியை ஊதினான். அந்தச் சிரிப்பில் மந்திரம் எடுபடவில்லை. நடையைக் கட்டினான். ராஜா மருதப்பனுக்கு இன்னும் இரண்டு கண்ணாடிகள் கொடுத்தார்.

வடிவு புருஷனையே பார்த்தாள். “என்னங்க, மீசை எங்கே?”

“மறைச்சிட்டேன்.”

“கைதட்டினா வருமா?”

“ஒரு மாசம் ஆகும்.”

அவள் விளக்குக் கரியைத் தொட்டு அவன் மேலுதட்டில் ஒரு கோடு இழுத்தாள். இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மீசை வளரும்வரையும், வளர்ந்த பிறகும், சுகமாக இருந்தார்கள்.